அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

(திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் குடியிருப்போர் முன்னிலையில் ஒரு பொது மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இரத்த அழுத்தத்துக்கு நாம் விழுங்கும் கூட்டு நீர் மாத்திரை. நீர் மாத்திரை என்றால் எல்லோருக்கும் தெரியும். சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைத்து அழுத்தத்தைக் குறைப்பது. கூட்டு நீர் மாத்திரை என்றால் என்ன? ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். அவற்றில் ஒன்றாவது நீர் மருந்தாக இருக்கும். அதுதான் கூட்டு நீர் மாத்திரை.

இதை விழுங்குகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால், தூக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் தூக்க மாட்டீர்கள். காரணம் கூச்சம் அல்ல. உங்களுக்கே தெரியாது. "டாக்டர், நான் காலையில ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான் போடுறேன்" என்பீர்கள். அந்த ஒரே ஒன்றுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மாத்திரைப் பெயரின் வாலில் 'எச்' என்று ஓர் எழுத்து இருந்தால், பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயாசைடு உள்ளே இருக்கிறது. 'சிடி' என்றிருந்தால் குளோர்தாலிடோன். 'பிளஸ்' என்று முடியும் சில நீர் மாத்திரைகளில் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்திருக்கும். வாலை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைக்கிறது. பொடி எழுத்து ஒன்றுதான் சாட்சி.

இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு? 2020-இல் தமிழ்நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன்பின் வாசலுக்கே மாத்திரை வருகிறது. நிலைமை முன்னைவிடத் தேறியிருக்கிறது. மாத்திரை வீடு தேடி வருவது பெரிய காரியம், நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாத்திரையோடு அதைப் பற்றிய அறிவும் வீட்டுக்குள் வர வேண்டும் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீர் மாத்திரை கெட்ட மாத்திரை அல்ல. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. உயர் அழுத்தத்துக்குக் கையில் எதுவுமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வேரின் சத்துதான் ரெசர்பின். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் தயாசைடு வகை நீர் மருந்துகள் வந்தன. இந்த இரண்டையும், ஹைட்ரலசின் என்ற மூன்றாவது மருந்தையும் சேர்த்து, அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரீஸ் என்ற மருத்துவரின் குழு முன்னாள் படைவீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. அழுத்தம் மிகக் கடுமையாக இருந்த 143 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 1967-இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு. மருந்து எடுத்தவர்களில்? இரண்டே பேர்! உயர் அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று உலகத்துக்கு ஐயமறக் காட்டியதே ஒரு கூட்டு மருந்துதான். அதற்குள் ஒரு நீர் மருந்தும் இருந்தது.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. இந்தியர்கள் ஏறத்தாழ 2,000 பேரிடம் மூன்று விதக் கூட்டு மாத்திரைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. இன்டபமைடு என்ற நீர் மருந்து சேர்ந்த இரண்டு கூட்டுகளும், நீர் மருந்தே இல்லாத கூட்டுக்குச் சமமாக வேலை செய்தன. ஆக, மருந்து நல்ல மருந்து. விலையும் குறைவு. அப்படியானால் ஆபத்து எங்கே?

ஆபத்து உப்பில் இருக்கிறது. சாப்பாட்டு உப்பைச் சொல்லவில்லை. இரத்தத்தில் ஓடும் உப்புகளைச் சொல்கிறேன்: சோடியம், பொட்டாசியம்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே போகிறது. மீதி எல்லாம் உடம்புக்கே திரும்புகிறது. முக்கொம்பு மேலணையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மதகைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பொறுத்துத்தானே காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்று முடிவாகிறது? சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் அப்படி மதகுகள் உண்டு. தயாசைடு மருந்து, சோடியம் உடம்புக்குத் திரும்பும் ஒரு மதகை மூடுகிறது. சோடியம் வெளியே போகிறது, கூடவே நீரும் போகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மூடிய மதகைத் தாண்டிக் கீழே போன சோடியத்தில் ஒரு பங்கை, கடைசி மதகு பிடித்து இழுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக அது பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. இதனால்தான் தயாசைடு, குளோர்தாலிடோன், ஃப்ரூசெமைடு, டோர்செமைடு எல்லாம் பொட்டாசியத்தைக் குறைக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு, ட்ரையாம்டெரீன் ஆகியவை அந்தக் கடைசி மதகில் கைவைக்கின்றன. பொட்டாசியம் வெளியே போகாமல் தங்குகிறது.

ஒன்று பொட்டாசியத்தை வெளியேற்றும். இன்னொன்று தக்கவைக்கும். இரண்டையும் சேர்த்தால் தராசு நேராக நிற்கும். கூட்டு நீர் மாத்திரையின் அறிவே இதுதான். நல்ல அறிவு. அமிலோரைடையும் தயாசைடையும் பாதிப் பாதி அளவில் சேர்த்துக் கொடுத்தபோது, தயாசைடைத் தனியே கொடுத்தால் வரும் சர்க்கரை ஏற்றம் வரவில்லை, அழுத்தமும் நன்றாக இறங்கியது என்று 2015-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் தராசு எல்லோருக்கும் ஒரே மாதிரி நிற்குமா? அறுபத்தைந்து வயது, இருபது வருடச் சர்க்கரை, சற்றே தளர்ந்த சிறுநீரகம் என்றால் அது தக்கவைக்கும் பக்கம் சாயும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விடாதவர் என்றால், உள்ளே போகும் சோடியம் அதிகம், வெளியே தள்ளப்படும் பொட்டாசியமும் அதிகம். இழக்கும் பக்கம் சாயும். அழுத்தமும் இறங்காது.

இதை நாம் எப்படிக் கையாள்கிறோம்? உழவர் சந்தையில் இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, நீர் மாத்திரை போட்டதுலேர்ந்து காலெல்லாம் குரக்களி இழுக்குது" என்கிறார் ஒருவர். "எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு. டாக்டர் தினம் இளநி குடிக்கச் சொன்னார், வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார், சரியாப் போச்சு" என்கிறார் மற்றவர். அன்பான பேச்சுதான். ஆனால் அந்த அக்கா போடுவது தயாசைடு மட்டும். கேட்டுக்கொண்டு போகிறவர் போடுவது ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்த கூட்டு, அதோடு இன்னொரு அட்டையில் டெல்மிசார்டானும். டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் இவையும் பொட்டாசியத்தைத் தக்கவைப்பவை. ஒருவருக்கு மருந்தான இளநீர் இன்னொருவருக்கு ஆபத்து. மாத்திரைக்கு இருவரும் வைத்த பெயர் ஒன்று. உள்ளே இருப்பது வேறு.

நாம் இருப்பது வாழை மண்ணில். நாட்டின் வாழை ஆராய்ச்சி மையமே 1993-இல் நம் திருச்சியில்தான் அமைந்தது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி என்று தார் தாராக வந்து இறங்கும் ஊரில் வாழைப்பழம் சாப்பிடாதே என்று எவரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பழமும் கீரையும் நல்லது. பொட்டாசியம் உள்ள உணவு அழுத்தத்தையே குறைக்கும். ஆனால் 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. தக்கவைக்கும் கூட்டு மாத்திரை போடுகிறவர், வெயிலுக்கு இதம் என்று ஒரு நாளைக்கு மூன்று இளநீர் வெட்டிக் குடித்தால், தளர்ந்த சிறுநீரகம் அதை எங்கே கொண்டுபோய்ப் போடும்?

இளநீராவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று சமையலறைக்குள் வந்திருக்கிறது. 'லோ சோடியம் சால்ட்' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். பலருக்கு அது நன்மைதான். சீனாவில் 600 கிராமங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், இந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் குறைந்தது. 2021-இல் அது வெளியானது. ஆனால் அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கவே இல்லை. இந்த இரண்டாவது செய்தி விளம்பரத்தில் வராது. உங்கள் அட்டையில் ஸ்பைரோனோலாக்டோனோ அமிலோரைடோ ட்ரையாம்டெரீனோ எப்லெரினோனோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். இந்துப்புக்கு மாறினால் தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன்: இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

பொட்டாசியம் குறைந்தால் உடம்பு சொல்லும். தசை இழுக்கும், கை கால் சோரும், நெஞ்சு படபடக்கும். கூடினால்? பல நேரம் ஒன்றுமே சொல்லாது. நேரே இதயத் துடிப்பில் கைவைத்துவிடும். என் தொழிலில் நான் மிகவும் அஞ்சுவது இந்த மௌனத்துக்குத்தான்.

இதற்கு ஒரு நாடு பாடம் படித்த கதை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கிறது என்று 1999-இல் 'ரேல்ஸ்' என்ற ஆய்வு காட்டியது. உண்மைதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் அதைப் பரவலாக எழுதத் தொடங்கினார்கள். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரை எடுக்கும் இதய பலவீன நோயாளிகளில், 1994-இல் ஆயிரத்துக்கு 34 பேருக்கு எழுதப்பட்டது, 2001 கடைசியில் 149 பேருக்கு எழுதப்பட்டது. பொட்டாசியம் கூடியதால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4 என்பதிலிருந்து 11 ஆனார்கள். அதனால் இறந்தவர்கள் 0.3-இலிருந்து 2 ஆனார்கள். அதே மருந்து! ஆய்வில் உயிர் காத்தது, ஊருக்குள் வந்ததும் ஏன் உயிர் எடுத்தது? ஆய்வில் சிறுநீரகம் கெட்டவர்களைச் சேர்க்கவில்லை. அளவு சிறியது. வாரக்கணக்கு வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊருக்குள் மாத்திரை பரவியது, அந்தக் கவனம் அதே அளவுக்குப் பரவவில்லை. அங்கே மருத்துவர் சீட்டு எழுதி நடந்தது இது. பழைய அட்டையைக் கடையில் நீட்டி "இதே மாதிரி ஒண்ணு குடுங்க தம்பி" என்று வருடக்கணக்கில் வாங்கும் நமக்கு எத்தனை மடங்கு கவனம் வேண்டும்?

வலி மாத்திரைக்கு வருகிறேன். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். நீர் மாத்திரை ஒன்று, டெல்மிசார்டான் வகை ஒன்று, வலி மாத்திரை ஒன்று. இந்த மூன்றும் ஒரு வயிற்றுக்குள் சந்திக்கக் கூடாது. மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கும். முதல் ஒரு மாதம்தான் அதிக ஆபத்து என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கூட்டு மாத்திரை போடுகிறவருக்கு முதல் இரண்டும் ஏற்கெனவே ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கலாம். மூன்றாவதை நாமாகப் போய்ச் சேர்க்கிறோம். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள். சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற மாத்திரையும் அப்படித்தான். ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் வயதானவர்களுக்குப் பொட்டாசியத்தை வேகமாக ஏற்றிவிடும். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் பிரஷர் அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். பல்லுக்குப் போனாலும் சரி.

நம் ஊரின் வெயில் உங்களுக்குத் தெரியாதா? கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெயிலில்தான் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறோம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே நமக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவுதான் அவளுக்கு நைவேத்தியம். பக்தர்களும் விரதம் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு விடியுமுன்பே வரிசையில் நிற்கிறார்கள். கழிப்பறை தேட வேண்டுமே என்று பலர் முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். ரமலானில் பகல் முழுதும் நீரும் அருந்தாமல் நோன்பு நோற்கிறார்கள் நம் சகோதரர்கள். யாருடைய நம்பிக்கையிலும் நான் குறுக்கே வரவில்லை. நம்பிக்கையோடு போய் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. வியர்வை ஒரு பக்கம் நீரை எடுக்கிறது, மாத்திரை இன்னொரு பக்கம் எடுக்கிறது, உள்ளே எதுவும் போகவில்லை. தலை சுற்றி விழாமல் என்ன செய்யும்? விரதம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னதாகவே மருத்துவரிடம் போங்கள். "அன்றைக்கு மாத்திரையை எப்போது போட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாந்தி பேதி வந்த நாளுக்கும் இதே கேள்வியை முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். பொதுவாக, வயிறு சரியாகி ஒழுங்காகச் சாப்பிடும்வரை ஓரிரு நாள் நீர் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வோம். அன்றைக்குப் போய்த் தொலைபேசியில் தேடுவதைவிட, சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பது மேல்.

இன்னொரு பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்தே ஆக வேண்டும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று எண்ணி, கடையில் சொல்லி நீர் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அந்த வீக்கம் உடம்பில் நீர் மிகுந்ததால் வருவதல்ல. சின்ன இரத்தக் குழாய்கள் விரிந்து கசிவதால் வருவது. நீர் மாத்திரைக்கு அது சரியாக மசியாது. வீக்கமும் வற்றாமல், உப்பும் குறைந்து, சிறுநீரகமும் நொந்து போகும். அம்லோடிபின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ தானே வற்றும். ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று போகாதீர்கள். முதல் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டில் வயதான தாய் தந்தையரை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தயாசைடு வகை மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள், அதிலும் மெலிந்த வயதான பெண்களுக்கு, சோடியம் இறங்கிவிடலாம். "அம்மா ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசுறாங்க, தடுமாறுறாங்க" என்று வருவார்கள். வயசாகிவிட்டது, மறதி என்று விட்டுவிடாதீர்கள். அன்றே இரத்தம் கொடுத்துச் சோடியம் பாருங்கள். நீர் மாத்திரையைக் காலையில் கொடுங்கள். இரவில் கொடுத்தால், இருட்டில் எழுந்து கழிவறைக்குப் போய் விழுவார்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொல்லுங்கள். பிரஷர் பார்க்கும்போது உட்கார வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் எந்தப் பரிசோதனை, எப்போது? கேட்க வேண்டியவை மூன்றுதான்: கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம். மாத்திரை தொடங்குமுன் ஒரு முறை. தொடங்கியோ அளவு மாற்றியோ சில வாரங்களுக்குள் மறுபடி. பிறகு எல்லாம் சீராக இருந்தால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை. ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்திருந்தால் இன்னும் நெருக்கமாக: ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருப்பது நலம். தொடங்குமுன்பே 5-ஐத் தாண்டியிருந்தால் தக்கவைக்கும் மருந்தைத் தொடங்கவே கூடாது. சர்க்கரைக்கு மாதம் தவறாமல் இரத்தம் கொடுக்கிறோம். அதே ஊசி, அதே இரத்தம். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போனாலும், தனியார் ஆய்வகத்துக்குப் போனாலும், கேட்பது உங்கள் உரிமை.

யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்கள் தயாசைடு பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மாற்று மருந்து இருக்கிறது. மனநலத்துக்கு லித்தியம் எடுப்பவர்களும், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் டெல்மிசார்டான் வகை சேர்ந்த கூட்டு மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். இது குழந்தையின் சிறுநீரகத்தைப் பற்றிய விஷயம்.

மாத்திரை தீர்ந்துபோனால், அல்லது பிரஷர் 120-க்கு வந்துவிட்டது என்று, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 120-க்கு வந்ததே மாத்திரையால்தான். மாற்ற வேண்டுமானால் மருத்துவர் மாற்றட்டும். கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாகவும் கொடுக்க முடியும். அப்போது ஒன்றைக் குறைத்து இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கேட்க உங்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகள். வீட்டிலிருந்து அட்டை கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். முன்வரிசையில் இருக்கும் மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவர் அட்டையையும் படித்து, உள்ளே என்னென்ன மருந்து என்று தமிழில் எழுதித் தருவார்கள். கொண்டுவராதவர்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பேரப்பிள்ளைகளை அட்டையைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நான் இங்கேயேதான் இருக்கப் போகிறேன்.